இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக்

இணையத்தில் ஏலம் போட்டு விற்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சார், வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் ஏலத்துல எடுத்துட்டான். அனுப்பலாமா, வேணாமா?" முப்பத்தோரு வருடம் தபால் அலுவலகத்தின் பார்சல் கவுன்டரில் உட்கார்ந்து தேய்ந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் விடுகிறார்களா? கடைத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். முன்பெல்லாம் எடை, அளவு, காப்பீடு, சுங்கம் என்று விரல் மடக்கி அரை மணி நேரம் பேசுவேன். இப்போது "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுகிறேன். திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கியாயிற்று. இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பொத்தானம்மா ஞாபகம் வந்துவிடுகிறது.

பொத்தானம்மா என்பது நாங்கள் வைத்த பேர். எங்கள் அலுவலகத்தில் தினமும் வருகிறவர்களுக்கு அவரவர் அனுப்புகிற சாமான்தான் பேர். மாத்திரைக்காரர், விதைக்காரர், வக்கீல் நோட்டீஸ் என்று ஒரு மீசைக்காரர். இவள் அனுப்பியது பொத்தான். அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது வருடத்திலிருந்து என்னை 'சார்' என்பதை விட்டுவிட்டு 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தவள். அவளை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பொத்தான் தைக்கும் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். அதை மூடினபோது ஆளாளுக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் குப்பைக்குப் போக இருந்த மூன்று மூட்டைப் பொத்தான்களைக் கேட்டிருக்கிறாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் புருஷனும் சிரித்தார். "இருக்கறது நாலு சட்டை. அதுக்கு மூணு மூட்டைப் பொத்தானா?" என்றாராம். லேத் பட்டறையில் வேலை செய்த மனிதர். இரும்பைக் கடைந்து கடைந்து கை மரத்துப்போயிருக்கும், வாய் மட்டும் எப்போதும் குறும்பாகவே இருக்கும்.

சிரிக்காதவள் மகள் ஒருத்திதான். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மூட்டையைக் கொட்டிக் கிளறி, ஒரே மாதிரியான இருபது சிப்பிப் பொத்தான்களை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடித்து, ஏலத் தளத்தில் போட்டாள். மூன்றாம் நாள் போய்விட்டது. அந்த முதல் பார்சலை எடுத்துக்கொண்டு அம்மாவும் மகளும் என் கவுன்டருக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ நகை அனுப்புகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் நான் தராசில் வைப்பதையும் முத்திரை குத்துவதையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஒரு தடவை போயிருக்கிறேன். ஒரு சுவர் முழுக்க மருந்து டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் வெளியே ஒட்டப்பட்டிருக்கும். கொம்பு, மரம், கண்ணாடி, பித்தளை. மூன்று மூட்டையும் தீர்ந்த பிறகு பழைய கோட்டுகளை வாங்கிப் பொத்தானை அறுத்தாள். மூடுகிற தையல் கடைகளைத் தேடிப் போய் வாங்கினாள். அனுப்பும்போது உள்ளே குலுங்கக் கூடாது என்று ஒவ்வொரு பொத்தானையும் அட்டையில் ஊசி நூலால் தைத்துவிடுவாள். "குலுங்குற சத்தம் கேட்டா வழியில இருக்கறவனுக்குப் பிரிச்சுப் பாக்கத் தோணும் சார்" என்பாள். நான் பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் பார்சல் கட்டத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் முதல் விரல் அவளுக்குத்தான்.

முதலில் உள்நாட்டுக்கு மட்டும்தான் விற்றாள். பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி எழுதிக் கேட்டாள், எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா என்று. வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. புருஷன் கூடவே கூடாது என்றார். "எதிர்வீட்டுக்காரனே வாங்கிட்டுப் போன சாமான் சரியில்லன்னு திருப்பித் தர்றான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவளை எங்க போய்த் தேடுவே?" மகளோ, "உள்ளூர்ல மூணு பேர் ஏலம் கேக்கறாங்க, வெளிய திறந்துவிட்டா முப்பது பேர் கேப்பாங்கப்பா" என்றாள். நடுவில் மாட்டிக்கொண்டவள் பஞ்சாயத்துக்கு என்னிடம் வந்தாள்.

எனக்கோ யோசனை சொல்வதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. "பொத்தான் உடையாது, அழுகாது, காலாவதி ஆகாது. எடையும் இல்ல. இதைவிடக் கடல் தாண்ட லாயக்கான சரக்கு வேற என்னம்மா இருக்கு? தைரியமா அனுப்புங்க" என்றேன்.

வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கப் படிவம் என்று ஒன்று உண்டு. உள்ளே என்ன, எத்தனை, என்ன மதிப்பு எல்லாம் எழுத வேண்டும். அடியில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: சேர்ப்பிக்க முடியாவிட்டால் என்ன செய்வது? எதிரில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம், அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புக. இரண்டாவது கட்டம், கைவிடப்பட்டதாகக் கருதுக. முதல் தடவை யாராக இருந்தாலும் முதல் கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். தன் பொருள் தனக்கே திரும்பி வரவேண்டும் என்று நினைப்பதுதானே மனித சுபாவம்? அவளும் அப்படித்தான் போட்டாள்.

இரண்டாவது மாதமே ஒரு பார்சல் திரும்பி வந்தது. வாங்கினவன் வீடு மாறிவிட்டான். பன்னிரண்டு மரப் பொத்தான். அதைத் திரும்பப் பெற அவள் கட்ட வேண்டியிருந்த தொகையில் ஒரு மூட்டை மரப் பொத்தான் வாங்கலாம். முகம் செத்துப்போய் நின்றாள். நான்தான் படிவத்தைத் திருப்பிக் காட்டிச் சொன்னேன். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டது இல்லையா? இனிமே ரெண்டாவது கட்டத்துல போடுங்க. போனாப் போகுது, பொத்தான்தானே."

பக்கத்தில் நின்ற மகள் உடனே பேனாவை எடுத்து, கையில் இருந்த புதுப் படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு அம்மாவிடம் காட்டினாள். "இப்படிம்மா." அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பார்சல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. காணாமல் போனதும் ஒன்றிரண்டுதான்.

வியாபாரம் பெருகப் பெருக அவளுக்கு ஒரு முறை வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் என்னிடம் ஒரு கட்டுப் படிவம் வாங்கிக்கொண்டு போவாள். வீட்டில் உட்கார்ந்து, மாறாத விஷயங்களை எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவாள். அனுப்புநர் முகவரி, தேதிக்கு மேலே கையெழுத்து, இரண்டாவது கட்டத்தில் டிக். பெறுநர் பேரையும் சரக்கையும் மட்டும் அன்றன்று எழுதிக்கொள்வாள். நானும் அவள் படிவம் என்றால் படிக்கிறதே இல்லை. எடை பார்ப்பேன், முத்திரை குத்துவேன், மேல் தாளைக் கிழித்து ஒட்டுவேன், அடித் தாளைக் கோப்பில் சொருகுவேன். அவள் கையும் என் கையும் பத்து வருடம் அப்படியே ஓடின.

மகள் படித்தாள். வேலை கிடைத்தது, வெளிநாட்டில். அங்கேயே உடன் வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன், யாருக்கும் மறுப்பு இல்லை. புருஷன் மட்டும் ஒரு நாள் அவளோடு கவுன்டருக்கு வந்தபோது என்னிடம் சொன்னார். "நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேனே சார், வெளிநாட்டுக்கு அனுப்பாதேன்னு. கேட்டாளா? பொத்தானை அனுப்பிப் பழகி, இப்ப பொண்ணையும் அனுப்பிட்டா." எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை என்று எழுதினால் கதையாகிவிடும். கண்ணும் சிரித்தது. வேடிக்கையாகப் பேசியே வருத்தத்தைத் தள்ளிவிடத் தெரிந்த மனிதர் அவர்.

அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டறையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. வயது ஐம்பத்தாறு.

மகளுக்கு அப்போது ஏழாவது மாதம். ரத்தக் கொதிப்பு ஏறி, படுக்கையை விட்டு எழக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்த நேரம். விமானத்தில் ஏற மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் கையெழுத்து வாங்காத குறை. அவள் போனில் கதறினாளாம், வர முடியலம்மா என்று. புருஷனை வீட்டு நடுவில் கிடத்தி வைத்துக்கொண்டு போனைப் பிடித்திருந்தவள், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "வரலன்னா விடு. உனக்கு அப்பா வேணாம்னு நெனச்சுக்கறேன்." சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.

இதை அவளே என்னிடம் சொன்னாள், இரண்டு மாதம் கழித்து, கவுன்டருக்கு இந்தப் பக்கம் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து. "எந்த வாய்ல சொன்னேன்னு தெரியலண்ணே. இந்த வாய்தான்." மகள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. இவளுக்கும் கூப்பிடத் தைரியம் வரவில்லை. குழந்தை பிறந்த செய்தியை மாப்பிள்ளைதான் சொன்னான். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்று. ஒரு படம் அனுப்பினான். அதை எனக்குக் காட்டினாள். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "எத்தனை கிலோவாம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த கேள்வி அதுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் போன மறுநாள், அவருடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், உதவியாக இருக்கட்டும் என்று வீட்டில் கிடந்த அவர் துணிகளை எல்லாம் திரட்டித் துவைத்துப் போட்டுவிட்டாள். போர்வை, தலையணை உறை, துண்டு, ஒன்று பாக்கியில்லை. கெட்ட எண்ணம் கிடையாது. துக்க வீட்டில் சும்மா உட்கார முடியாத பெண். இவள் எழுந்து வந்து பார்த்தபோது கயிறு முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றிலும் சோப்பு வாசனை. வீட்டில் அவர் வாசனை இருந்த துணி ஒன்றுகூட மிச்சமில்லை.

ஒரு வாரம் கழித்துப் பட்டறை முதலாளி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டறையில் அவர் பெட்டிக்குள் இருந்ததாம். ஒரு சீப்பு, ஒரு கண்ணாடிக் கூடு, மெஷினில் நிற்கும்போது போட்டுக்கொள்கிற சாம்பல் நிறச் சட்டை ஒன்று. துவைக்காத சட்டை. அவள் அதைக் கவரோடு அப்படியே முடிச்சுப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடிச்சை அவிழ்ப்பாள். ஒரே ஒரு மூச்சு. உடனே கட்டிவிடுவாள். அடிக்கடி திறந்தால் தீர்ந்துபோகும் என்று கணக்கு. சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது மகள் கூப்பிட்டாள். முதல் வார்த்தையே, "அம்மா, அப்பாவோட சட்டை ஒண்ணு அனுப்புறியா? துவைக்காதது." அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். மகள் சொன்னாளாம், அப்பா முகம் படத்தில் இருக்கிறது, குரல் போனில் இருக்கிறது, அந்த வாசனை மட்டும் எங்கேயும் இல்லை என்று.

இருந்தது ஒன்றே ஒன்று. துவைத்ததை அனுப்பிவிட்டு அதுதான் இது என்று சொல்லியிருக்கலாம். வெட்டிப் பாதி அனுப்பலாமா என்றுகூட யோசித்தாளாம். கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை. "எனக்கு அவர் முப்பது வருஷம் இருந்தாருண்ணே. அவ கடைசியா பாக்கக்கூட இல்ல. அவளுக்குத்தான் போகணும்" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மூச்சுக்குப் பதிலாக மூன்று மூச்சு எடுத்துக்கொண்டாளாம்.

புதன்கிழமை ஏழு பார்சலோடு வந்தாள். ஆறு பொத்தான், ஏழாவது சட்டை. காற்றுப் புகாத கவர் இரண்டு, அதற்கு மேல் துணி, அதற்கு மேல் அட்டைப் பெட்டி. கட்டு எப்போதும் போல அத்தனை அழகு. வழக்கம்போல ஆறையும் தள்ளிவிட்டு ஏழாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது என்னம்மா, துணியா?"

"அவரோட சட்டைண்ணே. அவளுக்கு."

"மதிப்பு என்ன போட்டிருக்கே?"

"அதான் தெரியல. என்ன போடறது?"

"பழைய துணிதானே, இருக்கறதுலயே கொறைச்சலாப் போடு. சுங்கத்துல நிறுத்த மாட்டான்."

எழுதினாள். அவள் உதடு துடிப்பதைப் பார்த்துவிட்டேன். எனக்கு அடுத்தவர் அழுகையைப் பார்க்கத் தெரியாது. பார்த்தால் என்ன செய்வதென்றும் தெரியாது. குனிந்துகொண்டேன். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போய்விடுவாள் என்று படபடவென்று ஏழு தடவை முத்திரை குத்தினேன். படிவம் என் மூக்குக்குக் கீழேதான் இருந்தது. வரிக்கு வரி படித்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடம் அவள் முகத்துக்கு எதிரே உட்கார எனக்குத் தெம்பில்லை.

பெட்டி ஒன்பதாம் நாள் அங்கே போய்ச் சேர்ந்தது. தினமும் வந்து என் கணினியில் பார்த்துவிட்டுப் போவாள். பத்தாம் நாள் திரையில் புது வரி: வீட்டில் ஆள் இல்லை, அறிவிப்புச் சீட்டு வைக்கப்பட்டது.

"வெளிய போயிருப்பா. சீட்டைப் பாத்துட்டு எடுத்துப்பா" என்றேன்.

ஒரு வாரம் அதே வரி. எனக்கே உறுத்தியது. "ஒரு போன் பண்ணிக் கேளேன்மா."

"பேசிட்டுதான் இருக்கோம்ணே. ஆனா வந்துதா வந்துதான்னு நச்சரிக்க பயமா இருக்கு. இப்பதான் பழையபடி பேசறா. எடுத்தா அவளே சொல்ல மாட்டாளா?"

"சரி, அப்படியே எடுக்கலன்னாலும் உங்கிட்டயே திரும்பி வந்துடும். எங்க போயிடப்போகுது."

இதை நான்தான் சொன்னேன். இரண்டாவது கட்டத்தைக் காட்டிக்கொடுத்த அதே நான். பத்து வருடமாக அவள் பார்சல் எதுவும் திரும்பி வராததற்குக் காரணம் தெரிந்த ஒரே அதிகாரி நான். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? யானைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்கள் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். சறுக்கியது யானை, நசுங்கியது யார்?

அங்கே நடந்தது வேறு. குழந்தைக்கு மூச்சுத் திணறல். மகளும் மாப்பிள்ளையும் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தவிப்பாள் என்று, ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றுகொண்டு, "நல்லா இருக்கோம்மா" என்றே பேசியிருக்கிறாள். அம்மா கேட்டால் மகளுக்குத் தொந்தரவு. மகள் சொன்னால் அம்மாவுக்குத் தொந்தரவு. பாசம் அதிகமாகி இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். குழந்தை தேறி வீட்டுக்கு வந்தபோது தபால் பெட்டியில் கடிதங்களோடு சீட்டும் கிடந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு அந்த ஊர்த் தபால் அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறாள். கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பெட்டிக்குப் பதிலாக ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தாளின் படத்தோடுதான் பொத்தானம்மா வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கவுன்டரை மூடப் போகிற நேரம். போனை என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கண்ணே. அவ படத்தை மட்டும் அனுப்பிட்டு ஒண்ணும் சொல்லல. நான் கூப்பிட்டா எடுக்கல" என்றாள்.

படித்தேன். இந்தப் பொருளைக் கைவிடுவதாக அனுப்பியவர் குறித்திருப்பதால், விதிப்படி அழிக்கப்பட்டது. அவ்வளவுதான். மரியாதையான மொழியில் இரண்டே வரி.

படித்ததை அவளுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கோப்பை எடுத்தேன். அலுவலகப் பிரதியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பெறுநர்: மகள் பேர். பொருள்: பழைய சட்டை, ஒன்று. மதிப்பு: இருப்பதிலேயே குறைவு. அடியில் இரண்டாவது கட்டத்தில் டிக். பக்கத்தில் என் முத்திரை, கொஞ்சம்கூடக் கலையாமல்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "திங்கக்கிழமை போட்டது" என்றாள். "கட்டுல மேல இருந்ததை எடுத்தேன்."

"நான் பாத்திருக்கணும்மா. என் வேலையே அதுதான்."

"என் கைதானே."

"சொல்லிக்குடுத்தது நான்தானே."

என்மேல் எரிந்து விழுந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். படிவத்தைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளினாள். "அவகிட்ட நீங்க சொல்லுங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டா. உனக்கு அப்பா வேணாம்னு சொன்னவ நான். இப்ப இந்தத் தாள்லயும் நான் வேணாம்னு எழுதிக் குடுத்த மாதிரிதானே இருக்கு? அவளுக்கு அவர் போகக்கூடாதுன்னு நான் வேணும்னே செஞ்சேன்னு நெனச்சுட்டா நான் எங்க போய்ச் சொல்லுவேன்?"

என் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்டர் மேல் வைத்தேன். நான் இன்னார் என்றதும், "தபால் மாமாவா?" என்றாள். குரல் அடைத்திருந்தது. நான் அலுவலக மனிதனாகவே பேசினேன். படிவம் முன்கூட்டியே நிரப்பப்பட்டது, கவனக்குறைவு, தவறு அலுவலகத்துடையதும்தான் என்று. பாதியிலேயே நிறுத்தினாள்.

"தெரியும் மாமா. பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. அந்தக் கட்டத்துல முத முத டிக் போட்டுக் காமிச்சதே நான்தான். அம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. பேசினா அழுதுடுவேன்னுதான் எடுக்கல."

எதிரே நின்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன்டி" என்றாள் அவள்.

"அம்மா, போனது போகட்டும். நீ கடைசியா மோந்து பாத்துட்டுதானே கட்டினே?"

"பாத்தேன்டி. மூணு தடவ."

"எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. அது போதும்."

கவுன்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எண்ணெ வாசனைடி. மெஷின்ல ஊத்துவாங்களே, அது."

"அது எனக்கும் தெரியும்மா. அதுக்கு அடியில? அப்பாவோடது?"

"அடியில..." என்று கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். எங்கள் கவுன்டரில் பசையும் மையும் அட்டையும்தான் மணத்தன. மறுபடி இழுத்தாள். "இருடி, சொல்றேன். நாக்குல நிக்குது."

நான் மின்விசிறியை நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. போனில் குழந்தை சிணுங்கியது, மகள் அதைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"வர மாட்டேங்குதுடி" என்றாள் அவள். "நேத்து வரைக்கும் இருந்துச்சு. அந்தச் சட்டையிலதான் இருக்கேன்னு அதை நான் மனசுல வெச்சுக்கவே இல்லடி."

மகள் போனை வைக்கவில்லை. அம்மா கண்ணை மூடியபடி நின்றுகொண்டே இருந்தாள்.